வெள்ளிக்கிழமைப் பிரசங்கமும் மதிலுக்கு வெளியே நின்றவர்களும்

1847 ஆம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலில் அன்று ஒரு பிரசங்கம் நடந்தது. பேசியவருக்கு இருபத்தைந்து வயது நிறைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பெயர் ஆறுமுகம், நல்லூர்க் கந்தப்பிள்ளையின் மகன். நாவலர் என்ற பட்டம் அப்போது அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராக இருந்துகொண்டே, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் தமிழாக்கத்துக்கு உதவிக்கொண்டிருந்தவர் அவர். அந்த வெள்ளியைத் தொடர்ந்து அடுத்தடுத்த வெள்ளிகளிலும் பிரசங்கம் நடந்தது. இலங்கைத் தமிழரிடையே கிழமை தவறாமல் ஆட்களைக் கூட்டி, நூலை எடுத்துச் சொல்லி, கேட்டவர்களைச் சிந்திக்க வைத்த பொதுக்கூட்டங்களின் வரலாற்றை எழுதுபவர் இந்த நாளைத் தாண்டிப் போக முடியாது.

நாவலரைப் பற்றி நமக்குப் பாடப்புத்தகத்தில் போதுமான அளவு சொல்லித் தந்துவிட்டார்கள். வசனநடை கைவந்த வல்லாளர், சைவங்காத்தவர், சிலை, வீதி, பாடசாலை, கட்டுரைப் போட்டி. மறுபக்கத்தில், அவருடைய பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் காரணம் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது நாவலர் என்ற கூட்ட அமைப்பாளரை. ஆட்களைச் சேர்த்து உட்கார வைத்து ஒரு நூலைக் கேட்கச் செய்வது எப்படி என்று யோசித்த மனிதரை. அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து.

1822 டிசம்பர் 18 ஆம் திகதி நல்லூரில் பிறந்தவர். வீட்டில் பல பிள்ளைகள். ஆண்பிள்ளைகளில் இவர் கடைசி. தகப்பனார் தமிழ் நாடகங்கள் எழுதியவர். பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தகப்பன் இறந்துபோக, அவர் பாதியில் விட்ட நாடகத்தை இந்தச் சிறுவன் எழுதி முடித்தான் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மையோ, வாயால் சொல்லப்படுகிற, பாடப்படுகிற தமிழ் அந்த வீட்டில் இருந்தது என்பது உண்மை. தமிழை இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் படித்தார். ஆங்கிலத்தை மிஷன் பாடசாலையில் படித்தார். பிறகு அங்கேயே படிப்பிக்கவும் தொடங்கினார். அந்தப் பாடசாலைதான் பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டுவர வேண்டும். வெஸ்லியன் மிஷன் 1814 இலும், அமெரிக்க மிஷன் 1816 இலும் வந்துவிட்டன. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கிவிட்டது. 1841 முதல் உதயதாரகை பத்திரிகை வருகிறது. அச்சுக்கூடம் மிஷனிடம் இருந்தது. ஆங்கிலப் படிப்பும் அதன் வழியே கிடைக்கும் உத்தியோகமும் பெரும்பாலும் அவர்களுடைய கையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிரியார் வேதாகமத்தில் ஒரு வசனத்தை எடுத்து வாசிப்பார், விளக்குவார், அதிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு ஒரு கட்டளையை எடுத்துக் கொடுப்பார். ஆறுமுகம் இதைப் பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பைபிளின் வாக்கியங்களைத் தமிழில் எப்படி வைத்தால் கேட்பவனுக்கு விளங்கும் என்று சொல் சொல்லாக உழைத்தவர்.

சைவர்களிடம் வாசிப்பு இல்லாமல் இல்லை. புராணபடனம் அதற்கு முன்பே ஊறிப்போன வழக்கம். ஒருவர் பாடலை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அதைப் படித்து முடிக்க மாதக்கணக்காகும். மார்கழியில் திருவாதவூரடிகள் புராணம், பிள்ளையார் கதை. சித்திரைப் பௌர்ணமிக்குச் சித்திரபுத்திரநாயனார் கதை. எழுத்துத் தெரியாத ஆச்சிகள் சூரபன்மன் போரை நாள் கணக்கோடு சொல்லக்கூடிய சமூகம் நம்முடையது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பின்னர் இதற்குக் கந்தபுராணக் கலாசாரம் என்று பெயர் வைத்தார்.

நாவலர் செய்தது இந்த வழக்கத்தையும் பாதிரியாரின் பிரசங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். கதையின் ஓட்டத்தில் மாதக்கணக்காகப் போவதற்குப் பதிலாக ஒரு நாளுக்கு ஒரு பொருள்: சிவாலய வழிபாடு, தீட்சை, கொலை செய்யாமை, கள்ளுண்ணாமை, பிறன்மனை நயவாமை, தானம், பசுவைக் காத்தல். நூலிலிருந்து ஆதாரத்தை எடுத்து வைத்து, அதை எல்லோரும் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் வசனத்தில் விரிப்பது. கிழமையில் நாள் ஒன்று, இடம் ஒன்று, தவறாமல் நடத்துவது. மழை பெய்தாலும் நடக்கும் என்று ஆட்களுக்குத் தெரிந்தால்தான் ஆட்கள் வருவார்கள். ஊரில் ஒரு வாசிப்பு வட்டத்தை ஆறு மாதத்துக்கு மேல் நடத்திப் பார்த்த எவருக்கும் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. நல்லூர்க் கார்த்திகேய ஐயர் என்ற நண்பர் முதலிலிருந்தே கூட இருந்து பிரசங்கம் செய்தார். நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை மாணவராக வந்து, பயணத்திலும் அச்சுவேலையிலும் கூட நின்று, நாவலர் போன பிறகும் அவர் விட்ட காரியங்களைச் சுமந்தார். மருமகன் பொன்னம்பலபிள்ளை புராணத்துக்குப் பயன் சொல்வதில் தனிப் பெயர் எடுத்தார். வித்துவசிரோமணி என்றால் அவர்தான். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் புன்னாலைக்கட்டுவன் கணேசையர். அதற்கும் கீழே பெயர் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். 1848 இல் மிஷன் வேலையை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினாரே, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிடியரிசியும் அதில் ஒரு பங்கு. சமைக்க அளக்கும் அரிசியில் ஒரு பிடியை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் எடுத்து வைத்தாள். நாவலரின் வரலாறுகளில் அந்தப் பெண்களுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

1849 இல் சதாசிவப்பிள்ளையோடு இந்தியா போனார். அச்சியந்திரம் வாங்கி வருவது நோக்கம். திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்ததும், நாவலர் பட்டம் கிடைத்ததும் அந்தப் பயணத்தில்தான். திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். பாலபாடங்கள் வந்தன. 1852 இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார்.

நான் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் கரும்பலகையில் ஒரு கோடு போடுவார்கள். இடப்பக்கம் வாய்மொழி, நடுவில் அச்சு, வலப்பக்கம் இலத்திரனியல். ஒன்று வர மற்றது ஒதுங்கும் என்பது பாடம். நாவலரின் கதை அந்தக் கோட்டில் சரியாக உட்காரவில்லை. அவர் அச்சிட்டது வாயால் வாசிப்பதற்கு. சந்தி பிரித்து, கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் இட்டு அவர் பதிப்பித்த வசனத்தை உரத்து வாசித்துப் பாருங்கள். எங்கே மூச்சு விட வேண்டும் என்று அது சொல்லித் தரும். புராணத்தைப் பாடலாக வாசிக்க இராகம் தெரிய வேண்டும், பயன் சொல்ல ஒரு வித்துவான் வேண்டும், கூட்டம் கூட ஒரு கோயில் மண்டபம் வேண்டும். வசனமாக வாசிக்க இவை ஒன்றும் வேண்டாம். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவரும் ஒரு விளக்கும் போதும்.

இந்த இடத்தில்தான் நாவலர் நினைத்ததும் நடந்ததும் வேறு வேறாகப் போயின என்று நான் நினைக்கிறேன்.

நாவலர் சாதியை எதிர்த்தவர் அல்ல. ஆசாரம், தீட்டு, அவரவர் வருணத்துக்குரிய ஒழுக்கம் என்பவற்றைச் சைவத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டவர், அப்படியே எழுதியவர். அந்தக் காலத்து மனிதர் என்று சொல்லி இதைக் கடந்து போகிறவர்கள் உண்டு. ஆனால் அதே காலத்தில், அதே யாழ்ப்பாணத்தில், சாதி பார்க்காமல் பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்தலாமா என்ற வாதம் மிஷன் பாடசாலைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் அதை அறியாதவர் அல்ல. எனவே வண்ணார்பண்ணையில் அவர் கூட்டிய சபையை ஊர்ச்சபை என்று சொல்லும்போது, அந்த ஊரில் யார் யாரைச் சேர்த்து எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டும்.

என்னுடைய அம்மம்மா வலிகாமத்தில் ஒரு ஊரைச் சேர்ந்தவர். எந்த ஊர், எந்தக் கோயில் என்பது இங்கே முக்கியம் இல்லை. 1940களில் அவருடைய குடும்பத்துக்குக் கோயிலுக்குள் போக அனுமதி இல்லை. கந்தபுராணப் படிப்பு நடக்கும் காலத்தில் மேற்கு மதிலோடு ஒரு பூவரச மரம், அதன் கீழே போய் இருப்பார்களாம். காற்று அந்தப் பக்கமாக அடித்தால் வாசிப்பும் பயனும் கேட்கும்; எதிர்ப்பக்கமாக அடித்தால் இராகம் மட்டும் வரும், பொருள் வராது. காற்றின் திசையைப் பார்த்துப் புராணம் கேட்ட கதையை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

அம்மம்மாவின் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். அவர் ஒருமுறை லீவில் வரும்போது பெரியபுராண வசனம் ஒன்று கொண்டுவந்தார், நாவலர் எழுதியது. இரவில் விளக்கை வைத்து வாசிக்க, வீடே சுற்றி இருந்து கேட்டது. அதில் திருநாளைப்போவார் புராணம் வந்த நாளை அம்மம்மா மறக்கவே இல்லை. கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட ஒருவர். அவருக்குத் தெரிய வேண்டும் என்று திருப்புன்கூரில் நந்தி விலகிக் கொடுத்தது. தில்லையிலோ நெருப்புக்குள் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. நந்தியையே விலக்கத் தெரிந்த கடவுள் தில்லையில் ஏன் நெருப்பை மூட்டச் சொன்னார் என்று அந்தப் பெண்பிள்ளை அன்றைக்கே அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணனிடம் பதில் இல்லை. நாவலரின் வசனத்திலும் இல்லை. மதிலுக்கு வெளியே இருந்தவர்களிடம் தன்னுடைய புத்தகம் போய்ச் சேரும், அவர்கள் இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள் என்று நாவலர் எண்ணியிருப்பாரா தெரியாது. புத்தகத்தைக் கையில் எடுப்பவன் யார் என்று புத்தகம் கேட்பதில்லை.

பிறகு நடந்தவை பலருக்குத் தெரிந்தவை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. வந்த பின்னும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் எழுச்சி, 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், 1968 இல் மாவிட்டபுரம். அந்தப் போராட்டங்களில் அடிவாங்கியவர்கள் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். நாவலர் நூற்றாண்டுகளைக் கொண்டாடும் மேடைகளில் அவர்களை நான் கண்டதில்லை.

போர் இந்த வாசிப்பு மரபை என்ன செய்தது என்பது தனியாக எழுதவேண்டிய விடயம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததை நாம் நினைவு கூருகிறோம். 1995 இடம்பெயர்விலும் அதற்குப் பிறகும் வீட்டு அலுமாரிகளில் விட்டுவந்த ஒன்றிரண்டு புத்தகங்களுக்குக் கணக்கில்லை. அம்மம்மாவின் பெரியபுராணம் அப்படித்தான் போனது.

2009 இல் முள்ளுக்கம்பிக்குள் இருந்த நாட்களில், எங்களுக்கு நாலைந்து கொட்டில் தள்ளி ஒரு முதியவர் இருந்தார். முன்பு கோயிலொன்றில் பயன் சொன்னவர். அவரிடம் புத்தகம் இல்லை, கண்ணாடியும் இல்லை. பின்னேரங்களில் தறப்பாளின் கீழ் நினைவிலிருந்து கந்தபுராணம் சொல்லத் தொடங்கினார். முதல் நாள் ஐந்தாறு பேர், பிறகு தண்ணீர் வரிசையிலிருந்து வருபவர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். ஒருநாள் படல வரிசை அவருக்குத் தடுமாறியது. அம்மம்மா எடுத்துக் கொடுத்தார். எங்கே கேட்டுப் பழகியது என்று அவர் விசாரிக்க, அம்மம்மா ஊரையும் பூவரச மரத்தையும் சொன்னார். முதியவருக்கு விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து அம்மம்மாவைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார். இதை வைத்து முகாம் சாதியைக் கரைத்துவிட்டது என்று எவரும் எழுதிவிடக் கூடாது. மீள்குடியேறியதும் கிணறுகளும் திருமணங்களும் பழையபடி பிரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நாவலரின் பிற்காலத்துக்கு வருவோம். 1864 இல் சிதம்பரத்தில் ஒரு வித்தியாசாலை. இராமலிங்க வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற சண்டை. அது 1869 இல் நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையில் அவருடைய பேனாவுக்கு இரக்கம் இருக்கவில்லை. அவரை விரும்புகிறவர்கள்கூட அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. 1872 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையைப் பணமில்லாமல் சில ஆண்டுகளில் மூட வேண்டியிருந்தது. பிரசங்கத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள், பணம் என்றால் பத்துப் பேர் வரமாட்டார்கள் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

1870களின் நடுவில் பஞ்சமும் பேதியும் வந்தபோது வண்ணார்பண்ணையில் மாதக்கணக்காகக் கஞ்சி ஊற்றினார். கஞ்சித்தொட்டித் தருமம் என்று அதற்குப் பெயர். மேடையில் தானத்தைப் பற்றிப் பேசியவர் பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்த காலம் அது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் கணக்கில் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய காரியம் இதுதான், நூல்களையும் சேர்த்துச் சொல்கிறேன். 1879 இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்ப வேண்டும் என்று கூட்டம் கூட்டினார். அதே ஆண்டு ஆடிச் சுவாதியில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையன்று செய்ததே அவருடைய கடைசிப் பிரசங்கம். டிசம்பர் 5 ஆம் திகதி காலமானார். ஐம்பத்தேழு வயது நிறையவில்லை. திருமணம் செய்துகொள்ளாதவர். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

அவருக்குப் பின் பொன்னம்பலபிள்ளை பயன் சொன்னார், அவருக்குப் பின் அவருடைய மாணவர்கள். சங்கிலி நீண்டது. இப்போது அது எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் கடந்த இரண்டு வருடமாகச் சில கோயில்களுக்குப் போய்வருகிறேன். பல இடங்களில் படிப்பு நின்றுவிட்டது. சில இடங்களில் ஒலிபெருக்கியில் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு ஐயர் பூசையைப் பார்க்கிறார். வாசிப்பவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் கனடாவிலும் சுவிசிலும் இருக்கிறார்கள், சிலருடைய பிள்ளைகள் எங்கே என்று இன்னும் தெரியாது.

வன்னியில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் மட்டும் படிப்பு ஒழுங்காக நடக்கிறது. வாசிப்பவர் ஒரு முதியவர். பயன் சொல்வது அவ்வூர்ப் பாடசாலையின் தமிழ் ரீச்சர், முப்பது வயதுக்குள் இருக்கும். பெண்பிள்ளை பயன் சொல்லலாமா என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டபோது, அப்படியென்றால் தானும் வாசிக்கவில்லை என்று முதியவர் புத்தகத்தை மூடிவிட்டாராம். வேறு ஆள் கிடைக்காததால் நிர்வாகம் பேசாமல் இருந்துவிட்டது. ரீச்சர் தயார்ப்படுத்துவது நாவலரின் வசனத்தை வைத்துத்தான். அதுவும் முழுப் புத்தகம் இல்லை; யாரோ கொடுத்த பழைய பதிப்பின் போட்டோப் பிரதி, நடுவில் சில தாள்கள் குறைகின்றன. தாள் குறைகிற இடங்களில் தான் சொந்தமாகச் சொல்லிச் சமாளிப்பதாக அவர் சொன்னார். நான் போன நாளில் அப்படி ஒரு இடம் வந்தது. எது புத்தகம், எது அவருடையது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. முன்வரிசையில் இருந்த ஆச்சிகளுக்கு மட்டும் தெரிந்திருக்கும், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.